செவ்வாய்க்கிழமை ஏழரை மணி

வீட்டுக்குள் பேச முடியாது.
சுவர் வெறும் பலகை,
மகளின் தூக்கம் அதைவிட மெல்லியது.
வாசலில் நிற்கும் காருக்குள் போய் உட்காருகிறேன்.
நவம்பர் என்பதால் ஏழரைக்கும் வெயில்.
ஸ்டியரிங்கில் சாய்த்த போனில்
லொரேத்தோவின் முகம் எழுகிறது.
அவள் வால்டிவியாவில். அங்கே மழை.
நான் புந்தா அரேனாஸில். இங்கே காற்று.
ஐந்து வாரமாக
வானிலையில்தான் தொடங்குகிறோம்.

"இந்த வாரம் எப்படி, யாஸ்னா?"

நண்டு ஆலையில் பத்து மணி நேரம் என்றேன்.
கையுறையைக் கழற்றியும் கழலாத வாடை என்றேன்.
மிர்கோவுக்கு எரிவாயு மேடையில்
பதினான்கு நாள் வேலை,
வீட்டில் பதினான்கு நாள் தூக்கம்.
சின்னவனுக்குப் பல் முளைக்கிறது,
எங்கள் எல்லோருக்கும் சேர்த்து வலிக்கிறது.
தலையாட்டினாள்.
இது எதுவும் அது இல்லை என்று
அவளுக்கும் தெரிந்திருந்தது.

"காலை நேரம்?"

காலை நேரம்தான்.
ரெனாத்தாவுக்குக் காலுறையின் தையல் குத்துகிறது.
எந்தக் காலுறையும். எல்லா நாளும்.
உள்ளே வெளியே திருப்பிப் போடச் சொன்னாள் லொரேத்தோ,
போட்டேன்.
நான்கு வரை எண்ணி மூச்சை விடச் சொன்னாள்.
மூன்றில் பள்ளி வேன் போய்விடுகிறது.

அவள் சிரித்தாள். நானும்.
அப்போது ஜலசந்தியிலிருந்து ஒரு காற்று
காரையே ஒருமுறை தூக்கி வைத்தது.
படம் நின்றது.

தும்மப்போகிறவள் மாதிரி
வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி
உறைந்திருந்தாள்.
அந்த முகத்திடம் சொல்வது எளிதாக இருந்தது:

வியாழக்கிழமை ஷூவை எறிந்தேன்.
அவள்மேல் படவில்லை. கதவில் பட்டது.
அவள் அழவில்லை.
நடந்துபோய் எடுத்து வந்து
என் கையிலேயே திருப்பித் தந்தாள்.
இன்னும் ஒருமுறை தேவைப்படும் என்று
நினைத்திருப்பாள்.

"கேட்கிறதா? யாஸ்னா? கடைசியாக என்ன சொன்னீர்கள்?"

காற்று பலமாக இருக்கிறது என்றேன்.

அவள் காத்திருந்தாள். அது அவள் வேலை.
காசு அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான்.
காற்றுக்காலத்தில் எங்கள் ஊர் நடுவே
கயிறு கட்டுவார்கள், பிடித்துக்கொண்டு நடக்க.
கயிறு யாரையும் வீட்டில் கொண்டுபோய் விடுவதில்லை.
பக்கத்து வீட்டு மில்சா கேட்டாள்,
பேசினால் சரியாகிவிடுமா என்று.
கயிறு என்றேன். அவளுக்குப் புரிந்தது,
தலைமுடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு
உள்ளே போய்விட்டாள்.

லொரேத்தோவுக்குப் பின்னால் எங்கோ
ஒரு பிள்ளை அம்மா என்றது.
மறுபடி அம்மா. மறுபடி.
அவள் ஒலியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.
பக்கவாட்டில் வாய் அசைந்தது.
ஆலை இரைச்சலில் பதினோரு வருடம்
உதடு படித்துப் பிழைப்பவள் நான்.
ஒரு தடவை சொன்னால் உனக்குக் கேட்காதா,
எத்தனை தடவை, எத்தனை தடவை.

கழுத்து நரம்பு இறங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
நான்கு வரை எண்ணினாள் என்று நினைக்கிறேன்.
பிறகு ஒலியைத் திறந்து, புன்னகையைத் திறந்து,
"மன்னியுங்கள், சொல்லுங்கள்" என்றாள்.

ஷூவை எறிந்தேன் என்றேன்.

மீதி பதினொரு நிமிடம்
எங்கள் இருவருக்கும் மட்டும்.

இறங்கும்போது கார்க் கதவை
இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும்,
இல்லையென்றால் காற்று பிய்த்துக்கொண்டு போகும்.
வீட்டுக்குள் சத்தமில்லை.
கதவில் ஷூ பட்ட பள்ளத்தின்மேல்
ஒரு பெங்குவின் ஸ்டிக்கர், கொஞ்சம் கோணலாக.
காலையில் அது இல்லை.
விரலால் ஓரத்தை அழுத்தினேன்,
ஒரு மூலை ஒட்டாமல் எழுந்து எழுந்து நின்றது.

அடுத்த செவ்வாய் இதைச் சொல்ல வேண்டும்.